ஒன்பதாம் கேள்விக்குப் பதில்

மனு அக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது, வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. டயர் கடைக்காரர் அவரைவிடப் பதினோரு வயது மூத்தவர். அவருக்கும் அக்காதான். தபால்காரருக்கு அக்கா, டயர் கடைக்கு எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு அக்கா, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கும் அக்கா. ஒரு தெரு முழுவதற்கும் அக்காவாக இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதில் அவருக்குப் பெருமை இருந்தது. அதைவிடப் பெரிய பெருமை ஒன்றும் இருந்தது: அவர் கைப்பட எழுதிய விண்ணப்பம் எதுவும் திரும்பி வந்ததில்லை.

இந்தக் கை பழகியது ஒரு கண் மருத்துவமனையின் முன்மேசையில். பத்தொன்பது வருடம் அங்கே வேலை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தவர்களுக்கு எழுத்து கலங்கித் தெரியும். அவர்களால் படிவம் நிரப்ப முடியாது. அக்கா கேட்டுக் கேட்டு நிரப்புவார். "காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கும். முதலில் வந்தவர்கள் சொன்னதை அப்படியே எழுதினார். பிறகு, எப்படி எழுதினால் மேலே இருப்பவர்கள் கட்டணத்தைக் குறைக்கிறார்கள், எப்படி எழுதினால் ஓரமாகத் தள்ளுகிறார்கள் என்று பிடிபட்டது. "வருமானம் போதவில்லை" என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "மகளின் முகத்தைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்" என்றால் அன்றைக்கே கையெழுத்து விழும். மருத்துவமனைக்குப் படிவம் நிரப்பும் இயந்திரம் வந்ததும் அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். தெரு அவரைத் தேடி வந்தது. ஓய்வூதியம், பள்ளிச் சேர்க்கை, தண்ணீர் இணைப்பு எல்லாவற்றுக்கும் அக்கா மனு எழுதிக் கொடுத்தார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது.

பிறர் துயரத்தை அழகாக எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. நாளாக ஆக, அழகாக எழுத வராத துயரம் அவர்கள் கண்ணிலேயே படாது.

டயர் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. ஏறிப்போகப் பத்தொன்பது படி, கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமினால் சன்னல் கண்ணாடி நடுங்கும். புத்தகத்தில்கூட ரப்பர் வாசனை அடிக்கும். ஏழு வருடங்களாக அக்கா அங்கே மாலை அறை நடத்தினார். தெருவின் அம்மாக்களில் பாதிப் பேர் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில், மீதிப் பேர் பொட்டலம் கட்டும் ஆலையில். இரண்டு இடத்திலும் வேலை முடிய ஏழு மணி ஆகும். பள்ளி மூன்றரைக்கு முடிந்துவிடும். அந்த இடைவெளியில் இருபத்துமூன்று பிள்ளைகளுக்குப் போக ஒரு இடம் இருந்ததென்றால் அது அந்த அறைதான். பாயும் பாலும் ரொட்டியும் பாடமும் கதையும் அங்கே கிடைத்தன. வேலைக்குப் போக வேண்டிய வயதுப் பையன்களுக்கு மூலையில் இரண்டு கணினி. வாடகைக்கும் சொல்லிக் கொடுக்க வரும் இரண்டு கல்லூரிப் பெண்களின் சம்பளத்துக்கும் பணம் வந்தது ஒரே வழியில்தான். அதன் பெயர் குழந்தைகள், இளைஞர், குடும்பங்களுக்கான சமூக நிதி. வருடத்துக்கு ஒருமுறை விண்ணப்பம், பதினெட்டுப் பக்கம், இருபத்தொரு கேள்வி.

அதில் உயிர்நாடி ஒன்பதாம் கேள்வி. "உங்கள் பகுதியின் தேவையை உணர்த்தும் வகையில் ஒரு குழந்தையின் நிலையை விவரிக்கவும்." நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் அந்த ஒன்றுக்கு. அக்கா வருடம் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுப்பார். பெயர் போடமாட்டார், அதில் கண்டிப்பு. முதல் வருடம் வாரத்துக்கு நான்கு நாள் பட்டினியாகப் பள்ளிக்குப் போனவன். மூன்றாம் வருடம் அப்பா சிறையில் இருக்க, பள்ளியை விட்டுவிட்டுப் பழைய இரும்பு பொறுக்கியவன். பிள்ளைகளுக்கும் விஷயம் தெரியும். "இந்த வருஷம் யாரு?" என்று கேட்டுக்கொள்வார்கள். ஒரு அம்மா மனத்தாங்கலோடு வந்து, "என் பையனும் கஷ்டப்படறவன்தான்க்கா, அவனை ஒரு தடவகூட எழுதலியே நீங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். யாராவது அப்போதே அவரைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம்.

ஆறாம் வருடத்துப் பிள்ளையின் பட்டப்பெயர் ஸ்பீக்கர். மற்ற பிள்ளைகள் வைத்தது. பேசவே மாட்டாள் என்பதால் ஸ்பீக்கர். பிள்ளைகளின் குறும்புக்குக் கருணை கிடையாது.

அவளுக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அப்பா, அம்மாவின் தலையைக் கதவில் மோதினார். அவள் கத்தினாள். கத்தியதால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள், போலீஸ் வந்தது, அப்பாவைக் கூட்டிப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அம்மாவுக்கு அது விடுதலை. பிள்ளையின் கணக்கு வேறு. அவள் வாயைத் திறந்தாள், அப்பா போய்விட்டார். அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. இதையெல்லாம் அவள் அம்மா அக்காவிடம் சொல்லி அழுதார். அக்கா ஒன்பதாம் கேள்விக்குக் கீழே எழுதினார்: "தன் குரல்தான் தந்தையை வீட்டைவிட்டுத் துரத்தியது என்று இந்தச் சிறுமி நம்புகிறாள்." நாற்பதுக்கு நாற்பது கிடைத்தது.

அவள் அறைக்கு வந்து பதினான்கு மாதம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அக்காவும் வற்புறுத்தவில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பால் கொடுப்பார், பக்கத்தில் பாய் விரித்துக் கொடுப்பார், கேள்வி கேட்டால் அவளைத் தாண்டி அடுத்த பிள்ளையிடம் போவார். தினமும் கடைசியில் அக்கா கதை படிப்பார். ஏழேகால் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதால் நடுவில் ஒன்றிரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிடுவது அவர் வழக்கம். யாரும் கண்டுகொண்டதில்லை. ஒரு மாலை அப்படிப் புரட்டியபோது சுவரோரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஒரு பக்கம் விட்டுட்டீங்க."

யார் பேசினார்கள் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அக்கா பக்கத்தைத் திருப்பி, விட்டதைப் படித்தார். படிக்கும்போது கண்ணில் நீர் முட்டி எழுத்து கலங்கியது, சொட்டு மருந்து விட்டவர்களைப் போல. அன்று பேருந்தை விட்டுவிட்டார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் வீட்டுக்கு நடந்து போனதில்லை.

பிறகு அணை உடைந்தது. பத்து வயது ஸ்பீக்கர் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை படிக்கத் தொடங்கினாள். அவள் மடியை விட்டு இறங்காத ஒருத்தி இருந்தாள். ஐந்து வயது, வாயாடிப் பாப்பா. படியேறும்போதும் இறங்கும்போதும் உரக்க எண்ணுவாள், "பன்னெண்டு, பதினாலு, பதினஞ்சு". பதின்மூன்று அவளுக்கு வரவே வராது. டயர் கடைக்காரர் கீழேயிருந்து, "பதிமூணாம் படிய யாரு பாப்பா திருடுனா?" என்று கேட்பார். "நீங்கதான்" என்பாள். ஸ்பீக்கர் அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள், அவள் ஸ்பீக்கருக்குச் சத்தம் போடச் சொல்லிக் கொடுத்தாள்.

ஏழாம் வருட விண்ணப்பம் வந்தது இந்தச் சமயத்தில்தான். மின்னஞ்சலில் மூன்று கோப்புகள் வந்தன. அச்சு இயந்திரம் டயர் கடையில் இருந்தது. "மை தீருது அக்கா, இன்னும் எத்தனை?" என்று கடைக்காரர் முனக, அக்கா முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். மூன்றாவது மதிப்பெண் முறை. "அது வருஷா வருஷம் வர்றதுதான், எனக்கு மனப்பாடம்" என்றார். தொழில் தெரிந்தவர்கள் விழுகிற பள்ளம் இப்படித்தான் இருக்கும். தெரியாதவன் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தப்பித்துவிடுவான்.

ஒன்பதாம் கேள்விக்கு யாரை எழுதுவது என்று யோசித்தார். நாற்பது வாங்கிக் கொடுத்த பதில் கையில் இருக்கும்போது புதிதாக எதற்கு என்று தோன்றியது. போன வருடப் பதிலை எடுத்து அப்படியே எழுதி, இன்னும் என்ற ஒரு சொல்லை மட்டும் சேர்த்தார். "இச்சிறுமி இன்னும் பேசவில்லை." அவர் அதை எழுதிக்கொண்டிருந்தபோது பத்தடி தள்ளி ஸ்பீக்கர் யாருடனோ அழிப்பானுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. முதல்முறையாக நிதிக்குழுவே நேரில் வருகிறது. புதன்கிழமை நான்கு மணிக்கு. விண்ணப்பத்தில் குறிப்பிட்ட சிறுமியையும் பார்க்க விரும்புகிறார்களாம்.

அக்கா கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார்.

சலவைக்கூடத்தின் பின்வாசலில் போய் ஸ்பீக்கரின் அம்மாவைப் பார்த்தார். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். வெந்நீரிலும் சோப்பிலும் விரல்நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. அக்கா விஷயத்தைச் சொன்னார்.

"பேச வேணாம்னா சொல்றீங்க?"

"ஒரே ஒரு சாயந்திரம்மா. ஒரு மணி நேரம் இருப்பாங்களா, அவ்வளவுதான்."

"அக்கா, அவ பேச ஆரம்பிச்சு அஞ்சு மாசம்கூட ஆகல." அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இன்னிக்குக் காலைல சட்டையில பட்டன் இல்லன்னு என்னைத் திட்டுனா. எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. திட்டட்டும்னு வேணும்னே பட்டன் தைக்காம விட்டிருக்கேன்."

"எனக்குப் புரியாதா? நான் அவளுக்குக் கெட்டது செய்வேனா? ரூம் இல்லன்னா நீ ஏழு மணி வரைக்கும் எப்படி வேலை பாப்பே? அவளை எங்க விடுவே?"

பதில் இருக்காது என்று தெரிந்துதான் அக்கா கேட்டார்.

"நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க. என் வாயால அதைச் சொல்ல முடியாது."

அக்கா சொன்னார். மற்ற பிள்ளைகள் பால் குடித்துக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கரைச் சன்னலோரம் அழைத்து, தோளில் கைபோட்டுக்கொண்டு சொன்னார்.

"புதன்கிழமை கொஞ்சம் பேர் வருவாங்க. அன்னிக்கு மட்டும் நீ முன்ன மாதிரி இருக்கணும். யாரு என்ன கேட்டாலும் பேசக்கூடாது."

"ஏன்?"

"நீ பேசறேன்னு தெரிஞ்சா உதவி பண்ண மாட்டாங்க. ரூமை மூடிடுவாங்க."

"நான் பேசுனா மூடிடுவாங்களா?"

"ஆமாம்மா."

தன் குரல்தான் அப்பாவைத் துரத்தியது என்று நம்பிய பிள்ளையிடம்தான் இதைச் சொல்கிறோம் என்பது அந்த நிமிடத்தில் நினைவுக்கு வரவில்லை என்று அக்கா பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தன் கையால் எழுதி நாற்பது மதிப்பெண் வாங்கிய வரி அது. நினைவுக்கு வரவில்லையாம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

செவ்வாய்க்கிழமை அறையை ஏழ்மையாகக் காட்டும் வேலை நடந்தது. புதுப் புத்தக அலமாரி, சுவரில் மாட்டியிருந்த வாசிப்பு அட்டவணை, போன வருடம் வாங்கிய விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் டயர் கடைப் பின்கட்டுக்குப் போயின. அட்டவணையில் ஸ்பீக்கரின் பெயருக்கு நேரே பதினேழு நட்சத்திரம் ஒட்டியிருந்தது. அதை மடித்து ஒரு டயருக்குள் செருகினார்கள்.

"கடன்காரங்க வராங்களா அக்கா? அப்பதான் சாமானை இப்படி ஒளிச்சு வைப்பாங்க" என்றார் கடைக்காரர்.

"கடன்காரங்க இல்ல, குடுக்கறவங்க வராங்க."

"குடுக்கறவங்களுக்கு எதுக்கு ஒளிக்கணும்?"

"உங்களுக்குத் தெரியாது, விடுங்க" என்றார் அக்கா.

மூன்றாம் வருடத்துப் பிள்ளை, இரும்பு பொறுக்கியவன், இப்போது பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கேள்விப்பட்டு ஓடி வந்தான். "சீருடையோட வந்து நிக்கறேன், இந்த ரூமாலதான் ஆளானேன்னு சொல்றேன்" என்றான். அக்கா அவனை வரவே வேண்டாம் என்றார். "உன்னைப் பாத்தா இங்க எல்லாம் நல்லாத்தானே இருக்குன்னு நெனைப்பாங்க."

அவன் முகம் விழுந்துவிட்டது. "நான் நல்லா இருக்கறது தப்பாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

புதன்கிழமை மூன்று பேர் வந்தார்கள். இருவர் எழுதிக்கொள்ள வந்தவர்கள். தலைவர், வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருந்த ஒரு அம்மா. முழங்கால் வலி உள்ளவர் என்பது அவர் படியேறிய விதத்திலேயே தெரிந்தது. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். வெறும் சுவரை, ஓரம் கிழிந்த பழைய புத்தகங்களை, ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகம் வாடுவதை அக்கா கவனித்தார். மனதுக்குள் மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது.

"ஏழு வருஷம் நடத்தியிருக்கீங்க. இங்க வந்து மாறின ஒரு பிள்ளையைக் காட்டுங்களேன்" என்றார் அந்த அம்மா.

அக்கா கையைப் பிசைந்தார். "என்னங்க பண்றது, கஷ்டம் அவ்வளவு இருக்கு. அதுக்குத்தான் உங்க உதவியைக் கேட்டு நிக்கறோம்."

ஸ்பீக்கர் சுவரோரம், பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தலைவரம்மா முழங்காலைத் தேய்த்தபடி நகர்ந்து நகர்ந்து அவளிடம் போனார். பெயர் கேட்டார். எந்தக் கதை பிடிக்கும் என்று கேட்டார். கடைசியில், "இங்க வர்றது உனக்குப் பிடிச்சிருக்கா? தலையை ஆட்டினாக்கூடப் போதும்" என்றார். பிள்ளை தலையைக்கூட ஆட்டவில்லை. உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டு, அந்த அம்மாவின் தோளுக்கு மேலே அக்காவைப் பார்த்தாள். சரியாகச் செய்கிறேனா என்று அந்தப் பார்வை கேட்டது. அக்கா கண்ணால் சரி என்றார்.

அப்போது வாயாடிப் பாப்பா எழுந்து நின்றாள்.

"அவ பேசுவா. நேத்துக்கூடக் கதை படிச்சா. சிங்கம் மாதிரி கத்துனா."

தலைவரம்மா திரும்பி அக்காவைப் பார்த்தார். அந்த முகத்தில் சந்தேகம் இல்லை, ஒரு ஆவல்தான் இருந்தது. அந்த ஆவலை அக்கா பார்த்தார். ஆனால் பத்தொன்பது வருடமும் ஏழு வருடமும் சேர்ந்து பழக்கியது வேறு. அவர் சிரித்துக்கொண்டே பாப்பாவின் தலையைத் தடவினார்.

"சின்னப் பிள்ளைங்க. இவளுக்கு அவள்னா உயிரு. பேசற மாதிரி கற்பனை பண்ணிக்குவா, பாவம்."

"கற்பனை இல்ல" என்றாள் பாப்பா. "ஏய், நீயே சொல்லேன்."

ஸ்பீக்கர் சொல்லவில்லை. கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. எழுதிக்கொள்ள வந்தவர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அவர்கள் படியிறங்கிப் போனதும் அக்கா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். "என் தங்கம். முடிஞ்சுது. இனிமே பேசு, எவ்வளவு வேணும்னாலும் பேசு." பிள்ளை மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக் காட்டினாள். "பணம் வந்த பிறகு."

அக்கா சிரித்தார். கெட்டிக்காரி என்று டயர் கடைக்காரரிடம் சொல்லவும் செய்தார். முதல் வாரம் அது வேடிக்கையாக இருந்தது. இரண்டாம் வாரம் அவள் அம்மா வந்து, வீட்டிலும் பேசுவதில்லை என்றார். மூன்றாம் வாரம் பட்டன் இல்லாத சட்டையை மாட்டிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் பள்ளிக்குப் போய்விட்டாள் என்றார். அக்கா, "லெட்டர் வந்துடட்டும், எல்லாம் சரியாயிடும்" என்று தேற்றினார். அவருக்கும் பயம்தான். ஆனால் அந்தப் பயத்தை உட்கார்ந்து பார்க்க அவருக்கு மனமில்லை.

ஆறாம் வாரம் கடிதம் வந்தது. "ஏழு ஆண்டுகளில் கண்கூடான மாற்றம் எதையும் குழுவால் காண இயலவில்லை. குறிப்பாக, இரண்டு ஆண்டுகளாக வந்துசெல்லும் ஒரு சிறுமி இன்னும் ஒரு சொல்லும் பேசாத நிலையில் இருப்பது குழுவை மிகவும் வருத்தியது. எனவே இவ்வாண்டு நிதி, பலன் காட்டிய வேறு அமைப்புக்கு வழங்கப்படுகிறது."

அக்கா நிதி அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர். நேரில் பார்த்ததில்லை, ஏழு வருடமாகக் குரல் பழக்கம். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"எனக்கே மனசு கேக்கலக்கா. ஒன்பதாம் கேள்விக்கு இந்த வருஷம் பத்து மார்க்தான். மீதி முப்பதையும், வந்த பிள்ளைங்க எப்படி மாறியிருக்காங்கங்கறதுக்கு மாத்திட்டாங்க. மூணாவது ஃபைல்ல இருக்கே. நீங்க பாக்கணும்னு அடியில நானே ஒரு வரி போட்டிருந்தேன், இந்த முறை உங்க ரூமுக்குத்தான் சாதகமா இருக்கும்னு."

அக்கா மேசை இழுப்பறையைத் திறந்தார், அச்செடுத்த இரண்டு கோப்புதான் இருந்தது.

"நீங்க அந்தப் பக்கத்தைப் படிக்கலயாக்கா?"

"அந்தப் பிள்ளை பேசுவா சார்" என்றார் அக்கா. "நல்லாப் பேசுவா."

"அப்ப அன்னிக்கு ஏன் பேசல?"

உண்மையைச் சொன்னால் பொய் விண்ணப்பம் கொடுத்தவர் என்று பெயர் பதிந்துவிடும். அக்காவின் கைப்பட்ட எந்த மனுவும் அதற்குப் பிறகு எங்கும் ஏறாது. ஒரு பிள்ளையின் வாயையும், இருபத்தாறு வருடப் பெயரையும் ஒரு நிமிடம் எடை போட்டுப் பார்த்தார். "அன்னிக்கு அவளுக்கு உடம்பு சரியில்ல" என்றார்.

"குழு பாத்ததைத்தானேக்கா எழுதும்" என்றார் எழுத்தர், வருத்தமாக.

மாதக் கடைசியில் அறையைக் காலி செய்தார்கள். அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். யாரும் அக்காவைத் திட்டவில்லை. "நீங்க எவ்வளவோ பாடுபட்டீங்க" என்றார்கள். அதைக் கேட்க அவருக்கு நெருப்பை மிதித்தது போல இருந்தது. ஸ்பீக்கர் பாய்களைச் சுருட்டி அடுக்கினாள். கடைசிப் பாயை வைத்துவிட்டு அக்காவின் முன்னால் வந்து நின்றாள். ஆறு வாரம் பேசாத தொண்டையிலிருந்து குரல் கரகரப்பாக வந்தது.

"நான் பேசலயே."

"தெரியும்மா."

"வீட்டுலகூடப் பேசல. தூக்கத்துல பேசிடுவேனோன்னு வாயில துணி வச்சுக்கிட்டுப் படுத்தேன்."

அக்கா பாயின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பறம் ஏன் மூடறாங்க?"

நீ பேசியிருந்தால் மூடியிருக்க மாட்டார்கள். உண்மை அவ்வளவுதான், அதை அந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு உண்மை இருந்தது. "என் தப்பு." இரண்டே சொல். தெருவில் இருக்கிற அத்தனை பேருக்கும் காரணக் கட்டம் நிரப்பிக் கொடுத்த அக்கா, அந்த இரண்டு சொல்லைத் தேடினார். கிடைக்கத்தான் செய்தது. வாய் திறக்கவில்லை.

பிள்ளை காத்திருந்தாள். பிறகு அவள் பார்வை மெல்ல நகர்ந்து கதவோரம் போனது. அங்கே வாயாடிப் பாப்பா செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ சொன்னதாலயா? நான் பேசுவேன்னு அன்னிக்கு இவ சொன்னாளே, அதாலயா?"

இல்லை என்று சொல்ல அக்காவுக்கு நேரம் இருந்தது. ஒரு பக்கம் படிக்கும் நேரம் இருந்தது. அவர் குனிந்து, ஏற்கெனவே சுருட்டியிருந்த பாயை இன்னொருமுறை சுருட்டினார்.

ஸ்பீக்கர் கதவுக்குப் போனாள். "உன்னாலதான். நீ வாயைத் திறந்ததாலதான் மூடறாங்க."

பாப்பா முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. ஸ்பீக்கரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அக்கா, நானா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள். அக்கா நிமிரவில்லை.

கீழே டயர் கடைக்காரர், ஒளித்து வைத்திருந்த அலமாரியைத் துடைத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தார். படியில் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன பாப்பா, இன்னிக்கு எண்ணலியா?" என்று கேட்டார்.

பாப்பா வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள்.